மேடைமேல் தொங்கும் விளக்கு யாருக்கு?

வீட்டுக்கு விளக்கு வேண்டும் என்பதை மறுப்பார் இலர். எந்த விளக்கு, எந்த இடத்தில், எவர் பொருட்டு என்று கேட்கும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று புதுவீடு புகுவோரில் பலர், சமையலறையின் நடுவே சுவரோடு ஒட்டாத மேடை ஒன்றை அமைத்துக்கொள்கின்றனர். வணிகர் அதனை ‘ஐலண்ட்’ என்பர். நான்கு புறமும் தரை சூழத் தனித்து நிற்பதால் தீவு என்று பெயரிட்டனர் போலும். நாம் அதனை நடுமேடை என்று வழங்குவோம். அந்த நடுமேடைக்கு மேலே தொங்கவிடும் விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் நம்மவர் கைக்கொள்ளும் முறை பிழையானது, அது மாறவேண்டும். இக்கட்டுரை தொடுக்கும் வழக்கு இதுவே.

“தமிழாசிரியரும் மாணவரும் படிக்கும் தொகுதியில் தொங்குவிளக்குக்கு என்ன வேலை?” என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்போர் நம் மொழியையே சற்று எண்ணிப் பார்க்கட்டும். விளக்கு என்பது ஒளிதரும் கருவிக்குப் பெயர். அதுவே ஏவல் வினையாகவும் நிற்கும். பாடத்தை விளக்கு என்றால் தெளிவுபடுத்து என்பது பொருள். பாத்திரத்தை விளக்கு என்றால் துலக்கித் தூய்மை செய் என்பது பொருள். ஒளி, தெளிவு, தூய்மை ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிக் கிடக்கின்றன. இம்மூன்றும் ஒருங்கே வேண்டப்படும் அறை வீட்டில் எது? சமையலறை அல்லவா? அவ்வறையின் விளக்கைப் பற்றிப் பேசத் தமிழ் கற்றோர் நாண வேண்டியதில்லை.

காட்சிக்கூடத்து மயக்கு

விளக்கு வாங்க விழைவோர் முதலில் செல்லுமிடம் கடையின் காட்சிக்கூடம். அங்கே நூறு விளக்குகள் ஒருசேர எரிகின்றன. அந்நூற்றின் நடுவே, தனியொரு விளக்கு எவ்வளவு ஒளி தரும் என்பதை எவரால் அறிய இயலும்? கீழே வைத்திருக்கும் மேடையிலோ ஒரு பூச்சாடி இருக்கும். பீங்கான் தட்டில் மூன்று எலுமிச்சம்பழங்கள் இருக்கும். வெங்காயத் தோல் இராது. மீன் செதில் இராது. அரிவாள்மனையோ கத்தியோ இராது. யாரும் வேலை செய்யாத மேடைக்கு மேலே எந்த விளக்கைத் தொங்கவிட்டாலும் அழகாகத்தான் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய காட்சிகளுக்கும் பொருந்தும்.

அங்கே வாங்கி வருபவை எவை? தெள்ளிய கண்ணாடிக் குடுவைக்குள் இழை தெரிய எரியும் குமிழ் ஒன்று. அது மேடைக்கு ஒளி தருவதைவிட மேடையருகே நிற்பவரின் கண்ணைக் கூசச் செய்வதையே நன்றாகச் செய்கிறது. பிரம்பாலும் துணியாலும் பின்னிய கூடை மற்றொன்று. தாளிக்கும் எண்ணெய்ப் புகை படிந்து, அதன்மேல் தூசி ஒட்டி, ஓராண்டுக்குள் அது துடைக்கவும் கழுவவும் முடியாத நிலையை அடைகிறது. படிகச் சரங்கள் தொங்கும் விளக்கு இன்னொன்று. ஒவ்வொரு சரமாகக் கழற்றித் துடைக்கவேண்டிய அதனைத் துடைப்பவர் யார் என்பதை வாங்கும்போது எவரும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு, மூன்று விளக்குகள் வரிசையாகத் தொங்கினால்தான் மதிப்பு என்றொரு விதியும் உலவுகிறது. மேடை மூன்று முழமா, ஆறு முழமா என்று அளந்து பாராமலே மூன்றை வாங்கிவருகின்றனர். தொகையால் வரும் மதிப்பை அறிவார்ந்த மதிப்பு என்று கொள்வது எங்ஙனம்?

முன்னறையும் பின்னடுப்பும்

இதனினும் பெரிய பிழை ஒன்று உண்டு. மலேசிய வீடுகள் பலவற்றில் சமையலறை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. முன்னே இருப்பது உலர் சமையலறை. பின்னே இருப்பது ஈரச் சமையலறை. முன்னதில் தேநீர் கலப்பர்; ரொட்டி சுடுவர்; விருந்தினரோடு உரையாடுவர். பின்னதில்தான் மீன் ஆயப்படுகிறது, மிளகாய் அரைபடுகிறது, கறி கொதிக்கிறது, பாத்திரம் துலங்குகிறது. நடுமேடையும் அதன் அணிவிளக்குகளும் முன்னறையில் அமைகின்றன. பின்னறைக்கு எஞ்சுவது உட்கூரையின் நடுவே ஒற்றைக் குழல்விளக்கு.

அவ்வொற்றை விளக்கின்கீழ் நடப்பதைக் கருதுங்கள். அடுப்பும் கழுவுதொட்டியும் வெட்டும் மேடையும் சுவரோரம் இருக்கின்றன. சமைப்பவர் சுவரை நோக்கி நிற்கிறார். விளக்கோ அவருக்குப் பின்னே, தலைக்கு மேலே இருக்கிறது. எனவே அவருடைய நிழல் அவருடைய கைகளின்மீதே விழுகிறது. வீட்டில் மிகக் கூரிய கருவியும் மிகச் சூடான எண்ணெயும் புழங்கும் இடம் எதுவோ, அவ்விடம் நிழலில் கிடக்கிறது. எலுமிச்சம்பழம் அழகுக்கு வைத்த தட்டு ஒளியில் குளிக்கிறது. இது முறையா?

அந்நிழலில் நிற்பவர் யார் என்றும் கேட்போம். பெரும்பாலும் தாய், பல வீடுகளில் பாட்டி, வேறு பல வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ பிலிப்பைன்சிலிருந்தோ வந்து நம் குடும்பத்துக்கு உழைக்கும் பெண். விளக்குக்குப் பணம் கொடுப்பவரும், அதைத் தேர்ந்தெடுப்பவரும், அதனடியில் அமர்ந்து பெருமை கொள்பவரும் இவர்களல்லர். பாட்டியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. இருபது வயதினர் ஒருவரின் விழித்திரையைச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதினரின் விழித்திரையைச் சேர்கிறது என்பது கண்ணியல் அறிந்த உண்மை. கண்மணி சுருங்குவதும் விழியாடி மங்குவதும் அதற்குக் காரணங்கள். ஒளி மிகுதியாக வேண்டியவருக்குக் குறைந்த ஒளியையும், குறைந்த ஒளியே போதுமானவருக்கு மிகுந்த ஒளியையும் பங்கிட்டு வைத்திருக்கிறோம்.

கை செல்லும் இடத்தில் ஒளி

நம் சமூகம் அறியாத நெறியையா யாம் புதிதாகக் கூறுகிறோம்? ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தலைமுறையை நினைவுகூருங்கள். குளிர்ந்த வைகறையில்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும். அதனால் விடியுமுன் எழுந்து, உலைவைத்து இறக்கி, பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, இருளிலேயே மரம் சீவச் சென்றனர். கத்தி சற்று ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயமுறும். மேலோட்டமாகச் சென்றால் பால் குறையும். ஆதலின் அவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டனர். தலை திரும்பும் திசையில் ஒளி திரும்பியது. கத்தி செல்லும் கோட்டில் ஒளி சென்றது. காட்டுக்கு அழகு சேர்க்க அவர்கள் விளக்குக் கட்டவில்லை. உழைக்கும் கைக்கு ஒளி வேண்டும் என்பதை நெற்றியிலேயே எழுதிக்கொண்ட மக்களின் பேரர்கள், தம் வீட்டுச் சமையலறையில் அதனை மறக்கலாமா?

மேலைநாட்டினரைப் பார்த்தே நடுமேடையும் தொங்குவிளக்கும் அமைக்கிறோம் என்பாருக்கும் அந்நாட்டுச் சான்று ஒன்றையே காட்டலாம். ஆஸ்திரியாவின் முதற் பெண் கட்டடக்கலைஞர்களுள் ஒருவரான மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1926ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்கெனச் சமையலறை ஒன்றை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உடைய சிற்றறை அது. அத்தகைய சமையலறைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் அமைக்கப்பட்டன. இன்றைய பொருத்துச் சமையலறைகளுக்கெல்லாம் மூதாதை அது என்பர். அவ்வறையின் விளக்கை அவர் எங்ஙனம் அமைத்தார்? உட்கூரையில் தண்டவாளம் போன்றதொரு கம்பி பொருத்தி, அதில் விளக்கு நகரும்படி செய்தார். காய் நறுக்கும்போது அங்கே இழுத்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும்போது இங்கே இழுத்துக்கொள்ளலாம். எளிய தொழிலாளர் வீட்டில் 1926-இல் இருந்த இவ்வறிவு, பல்லாயிரம் வெள்ளி செலவிட்டுச் சமையலறை கட்டும் நம்மிடம் இல்லாமற் போனது ஏன்? மேலைநாட்டாரின் பொருளைக் கண்டோம். அப்பொருளுக்குப் பின்னிருந்த எண்ணத்தைக் காணவில்லை.

அழகு என்னும் வாதம்

“எல்லாம் சரி, வீட்டுக்கு அழகும் வேண்டாவா? மருத்துவமனை போல் வெளுத்த ஒளியில் வாழ முடியுமா?” என்று வினவுவோர் உளர். அழகு வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால், பயனும் அழகும் ஒன்றையொன்று பகைப்பன என்று யார் சொன்னது? டென்மார்க் நாட்டுப் போல் ஹென்னிங்சென் 1920களிலிருந்து தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இவ்வொரு வினாவுக்கே செலவிட்டார். மின்விளக்கு வந்தபின் வீடுகளில் கூசும் ஒளி பெருகியதை அவர் வெறுத்தார். இளமையில் கண்ட எண்ணெய் விளக்கின் மென்மையை மின்விளக்கிலும் கொணர முயன்றார். அடுக்கடுக்கான மூடிகளைக் கணக்கிட்டு வளைத்து, எப்பக்கமிருந்து நோக்கினும் குமிழ் நேரே கண்ணிற் படாதவாறும், ஒளிமட்டும் மேசைமேல் பரவுமாறும் செய்தார். 1958-இல் அவர் அமைத்த ‘பி.எச். 5’ என்னும் தொங்குவிளக்கு இன்றளவும் உலகெங்கும் அழகின் சின்னமாகப் போற்றப்படுகிறது. அதன் பெயரிலுள்ள 5 என்னும் எண், பெரிய மூடியின் விட்டமாகிய 50 சென்டிமீட்டரைக் குறிப்பது.

அவ்விளக்கின் அழகு எங்கிருந்து பிறந்தது? கண்ணைக் காக்கவேண்டும், மேசைக்கு ஒளி தரவேண்டும் என்ற அக்கறையிலிருந்து பிறந்தது. இன்று நாம் விரும்பி வாங்கும் தெள்ளிய கண்ணாடிக் குடுவையோ, அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி மறைத்த குமிழை மீண்டும் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஆகவே, அழகின் பெயரால் வழக்காடுவோர் அழகின் வரலாற்றை அறிந்து வழக்காடட்டும்.

“நம் பாட்டிமார் மண்ணெண்ணெய் விளக்கில் சமைக்கவில்லையா? அச்சுவை இன்று உண்டா?” என்பது மற்றொரு வாதம். சமைத்தனர், உண்மையே. லயத்து வீட்டின் புகையில் கண் கரிக்க, திரியைத் தூண்டித் தூண்டிச் சமைத்தனர். அது அவர்களின் திறமைக்குச் சான்று. இருளின் சிறப்புக்குச் சான்றாகாது. வேறு வழியின்றித் தாங்கிய துன்பத்தை, வழி இருக்கும்போதும் தாங்குக என்று பிறருக்கு விதிப்பது அறமாகாது.

“நல்ல விளக்குக்குப் பணம் மிகுதியாகும்” என்பது மூன்றாம் வாதம். மேடைமேல் மூன்று அணிவிளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு சிறுபகுதி போதும். பின்னறையில் சுவரலமாரியின் அடிப்புறத்து முன்விளிம்பில் எல்.இ.டி. பட்டை விளக்கு ஒன்றைப் பொருத்திவிடலாம். ஒளி கைக்கு முன்னிருந்து வரும். நிழல் பின்னே போகும். பணம் இல்லாமையால் அப்பட்டை விளக்கு இல்லாதிருக்கவில்லை. நினைப்பு இல்லாமையால் இல்லாதிருக்கிறது. மேலும், பாதரசம் கலந்த குழல்விளக்குகளின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டு முடிவுக்குள் நிறுத்துவதென, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் ஜெனீவாவில் கூடி முடிவெடுத்தன. பழைய குழல்விளக்கை எவ்வாறேனும் மாற்றியாக வேண்டிய காலம் இது. மாற்றும்போதே இடம் பார்த்து மாற்றலாமே!

தேர்வது எங்ஙனம்?

குறைகூறி நிறுத்துதல் எளிது, நெறிகூறலும் கடன். நடுமேடையில் மெய்யாகவே வேலை நடக்கும் வீடுகளும் உண்டு. அவர்கள் கடைக்குச் செல்லுமுன் அளவுகோலைக் கையில் எடுக்கட்டும்.

முதலாவது, உயரம். தரையிலிருந்து உட்கூரை 260 சென்டிமீட்டர், மேடை 90 சென்டிமீட்டர் என்று கொள்வோம். உட்கூரையில் பொருத்திய குமிழ் மேடைக்கு 170 சென்டிமீட்டர் மேலே இருக்கும். அதனைத் தொங்கவிட்டு 85 சென்டிமீட்டருக்கு இறக்கினால் தொலைவு பாதியாகும். நேர்கீழே விழும் ஒளியோ நான்கு மடங்காகும். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்னும் இயற்பியல் விதியை மாணவர் அறிவர். மேடைக்கு மேலே 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை என்பது பொதுவாகக் கொள்ளும் அளவு. அவ்வுயரத்தில் விளக்கு ஏறத்தாழ நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கும். ஆகவே, குமிழை மறைக்கும் மூடி கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, ஒளியின் அளவு. ஐரோப்பியத் தரவிதி, உணவகச் சமையலறைகளின் பணியிடத்துக்கு 500 லக்ஸ் ஒளி வேண்டும் என்கிறது. 180 சென்டிமீட்டர் நீளமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மேடையின் பரப்பு 1.62 சதுர மீட்டர். அதற்கு 810 லுமென் ஒளி மேடைமேல் விழவேண்டும். விளக்கிலிருந்து புறப்படுவதில் பாதியே மேடையைச் சேரும் என்று கொண்டால், ஏறத்தாழ 1600 லுமென் தேவை. 9 வாட் எல்.இ.டி. குமிழ் ஒன்று 800 லுமென் அளவு தரும். எனவே இரண்டு விளக்குகள் போதும். மூன்று என்னும் விதி கணக்கில் எங்கேனும் வந்ததா? வரவில்லை.

மூன்றாவது, நிறத்தின் உண்மை. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு மெய்யாகக் காட்டும் என்பதற்கு நிறங்காட்டு எண் என்றோர் அளவு உண்டு; நூறு என்பது முழுமை. மலிவான குமிழ்கள் எண்பதளவில் நிற்கும். தொண்ணூறும் அதற்கு மேலும் உள்ளவற்றைக் கேட்டு வாங்கவேண்டும். தாழ்ந்த எண் உடைய ஒளியில் சிவப்பு மங்கும். மீனின் செவுள் செந்நிறமா பழுப்பா, இறைச்சி வெந்ததா வேகவில்லையா என்பதைக் கண்ணால் காண்பவர்க்கு இது சிறு செய்தி ஆகாது. ஒளியின் வண்ணம் 3000 முதல் 4000 கெல்வின் வரை இருப்பின், மஞ்சளின் இதமும் வெண்மையின் தெளிவும் ஒருங்கே அமையும்.

நான்காவது, துடைப்பு. வழவழப்பான உலோகமோ, பால்நிறக் கண்ணாடியோ ஆயின் ஈரத்துணியால் ஒரு வீச்சில் துடைத்துவிடலாம். விளக்கை விளக்கவும் வேண்டும் அல்லவா? ஐந்தாவது, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசை. வேலை நேரத்தில் முழு ஒளி. விருந்தினர் வந்தால் மெல்லொளி. அழகை விரும்புவோரின் குறையும் இதனால் தீரும். இவற்றையெல்லாம் உரிமம் பெற்ற மின்பணியாளரைக்கொண்டே பொருத்துதல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இறுதியாக ஒன்று. பல வீடுகளில் நடுமேடையே பிள்ளைகளின் படிப்பு மேசையாகவும் இருக்கிறது. ஒருபுறம் தாய் கீரை ஆய்கிறார். மறுபுறம் பிள்ளை கட்டுரை எழுதுகிறது. அங்கே தொங்கும் விளக்கு சமையலுக்கும் கல்விக்கும் பொதுவிளக்கு. அதனைச் சோபாவில் அமர்ந்து பார்ப்பவரின் கண்ணுக்கு இனிமையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குவது, கத்தி பிடித்த கைக்கும் எழுதுகோல் பிடித்த கைக்கும் இழைக்கும் தீங்காகும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் காய் நறுக்கும் பலகை எங்கே இருக்கிறதோ, அங்கே உங்கள் தமிழ்ப் பாடநூலை விரித்து வையுங்கள். நாள்தோறும் சமைப்பவர் நிற்கும் இடத்தில், அவர் நிற்பது போலவே குனிந்து நில்லுங்கள். நூலிலுள்ள மிகச் சிறிய எழுத்தை உங்கள் நிழல் விழாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையாயின், அடுத்து வாங்கும் விளக்கு அவ்விடத்துக்கே உரியது. நடுமேடைக்கு உரியது அதற்குப் பின்னர் வரட்டும். அதனைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குச் செல்லும்போது, அப்பலகையின்முன் நாள்தோறும் நிற்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் சொல்வதே முடிவாகட்டும்.